ஈயமூக்குக் குண்டும் என் சகலையும்

அக்டோபர் 6

நான் என்ன இல்லாததையா சொல்லிட்டேன்? வாயைத் திறந்து சொல்லேன்டா துகெல்பாய்! தொப்பியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கிளம்பிவிட்டால் நீ ஜெயித்ததாக ஆகிவிடுமா?

ஊரே சிரித்தது. ஜெய்னெல் வீட்டுக் கல்யாண விருந்து. சிரிக்கத்தானே வருகிறார்கள், அழவா வருகிறார்கள்? நான் சொன்னது ஒரே ஒரு பேச்சு. "என் சகலையோட குண்டு டாக்டர் மாதிரி. மானுக்கு ஒரு ஊசி போடும். போயிட்டு வாம்மான்னு வீட்டுக்கு அனுப்பி வச்சிரும்." அவ்வளவுதான். முல்லாவுக்கே டீ புரையேறிவிட்டது.

அவன் முன்னால் ஆட்டுத்தலை வைத்திருந்தார்கள். பெரிய விருந்தாளிக்கு வைக்கிற மரியாதை அது. கத்தியை எடுத்தவன் எடுத்த கையோடு கீழே வைத்தான். எழுந்தான். போய்விட்டான். வெந்த தலையை அறுக்காமல் ஒருத்தன் எழுந்து போனதை இந்த வயதில் இப்போதுதான் பார்க்கிறேன். தலை எங்களைப் பார்த்தது, நாங்கள் தலையைப் பார்த்தோம். யார் அறுப்பது என்று தெரியாமல் கொழுப்பு உறைந்துபோயிற்று.

போன வருஷம் நடந்தது உண்மையா இல்லையா? சுட்டது அவன். பழைய ராணுவக் குண்டு, மூக்கு முதல் அடிவரை உலோகச் சட்டை போட்டது. மானின் இந்த விலாவில் புகுந்து அந்த விலாவில் போய்விட்டது, துணியில் ஊசி போகிற மாதிரி. மான் ஒரு துள்ளல் துள்ளிவிட்டு ஓடியே போயிற்று. இருட்டும்வரை ரத்தச் சொட்டைத் தேடிக்கொண்டு நடந்தோம். மறுநாள் போனால் ஓநாய்கள் எங்களுக்கு முன்னால் விருந்து முடித்திருந்தன. வாயில்லாத ஜீவனை வதைத்த பாவம் என்று குலாஷ் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து இன்றுவரை திட்டுகிறாள். என் பெண்டாட்டி என்னைத் திட்டலாம், சரி. ஆனால் நானா சுட்டேன்?

சகலை சகலையைக் கண்டால் தலை அரிக்கும் என்று சும்மாவா சொல்லி வைத்தார்கள். அரித்தது, சொறிந்தேன். அது அவன் தலையாகப் போனால் நான் என்ன செய்ய?

இப்போது நிலைமை இதுதான். இந்த வருஷம் ஒரே ஒரு மானுக்கு அனுமதிச் சீட்டு. சீட்டு அவன் பெயரில். துப்பாக்கி அவனுடையது. என்னிடம் இருப்பது ஒரு பெட்டிப் புதுக் குண்டும் இந்த வாயும்தான்.

அக்டோபர் 7

எப்போதும் போடுகிற உப்பு இன்று டீயில் இல்லை. கேட்டதற்கு, "உங்க நாக்குல நிறைய இருக்கே கிழவரே, அதைத் தொட்டுக்குங்க" என்றாள் குலாஷ்.

அக்டோபர் 9

மருமகள் மக்பாலுக்கு மூன்று நாளாக எதுவும் வயிற்றில் தங்கவில்லை. பாவுர்சாக் ரொட்டி பொரிக்கிற எண்ணெய் வாசம் வந்தாலே வாசலுக்கு ஓடுகிறாள். மசக்கை. போன வருஷமும் இப்படித்தான் ஆரம்பித்தது, மூன்றாம் மாதத்தில் கலைந்துபோயிற்று. என் மகன் லாரியோடு ஓஸ்கெமென் நகரத்துப் பக்கம் கிடக்கிறான். போன் செய்து "எப்படி இருக்கா?" என்று கேட்கிறான். எப்படி இருக்கிறாள் என்று நான் சொல்ல?

இன்று குலாஷ் அவள் தலையைத் தடவிக்கொண்டே, "வாய் என்னடி கேக்குது? வெக்கப்படாமச் சொல்லு" என்று கேட்டாள்.

"மான் ஈரல் அத்தை. நெருப்புல காட்டி, உப்புப் போட்டு." சொல்லிவிட்டு அந்தப் பெண் அழுதுவிட்டது.

மசக்கைக்காரி கேட்டதைக் கொடுக்காத வீடு வீடா? அவளுக்கு வேறு எதையாவது கேட்கத் தோன்றியிருக்கக்கூடாதா? குதிரை இறைச்சி கேட்டால் தருகிறேன். சீனாக்காரன் ஆப்பிள் கேட்டால் சந்தைக்குப் போகிறேன். ஊரில் ஒரே சீட்டு வைத்திருக்கிறவனோடு நான் சண்டை போட்ட வாரம் பார்த்து மான் ஈரல்!

"போய்க் கேளுங்க" என்றாள் குலாஷ்.

"நானா? அவன்கிட்டயா?"

"இல்ல, மானுகிட்டப் போய்க் கேளுங்க. அதுக்காவது உங்க பேச்சு புடிக்குதான்னு பாப்போம்."

இவளும் அவள் அக்கா பிபிஷும் ஒரே பானையில் வெந்தவர்கள். அக்காவைத் துகெல்பாய் கட்டினான், தங்கையை நான் கட்டினேன். வயதில் அவனைவிட நான் இரண்டு வருஷம் பெரியவன். ஆனால் பெண்டாட்டி வழியில் அவன் எனக்குப் பெரியவனாம். எந்த மடையன் போட்ட கணக்கோ.

அக்டோபர் 11

போனேன். குண்டுப் பெட்டியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கடிவாளம் தைக்க ஊசி கேட்க வந்த மாதிரி போனேன்.

அவன் கொட்டகை வாசலில் உட்கார்ந்து குதிரைக் குளம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தான். ஊசி இருக்கா என்றேன். அவன் தலையைத் தூக்கவில்லை.

"ஊசியா? நான்தான் ஊசி டாக்டராச்சே. எங்க போடணும்? நாக்குலயா?"

அப்பாடா, பேசுகிறான் என்று எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. காட்டிக்கொள்ளவில்லை. மக்பால் கேட்டதைச் சொன்னேன். சுரண்டுகிற கை நின்றது. அவன் பிபிஷைப் பார்த்தான், பிபிஷ் அவனைப் பார்த்தாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மக்பால் மாமனார் முறைக்காரர்களின் பெயரைச் சொல்லக்கூடாது என்பதால் இவனை 'தொப்பி மாமா' என்பாள். தொப்பி மாமா என்று அவள் கூப்பிட்டால் இந்த முரடன் வெண்ணெய் மாதிரி உருகுவான்.

"போறேன்" என்றான்.

அத்தோடு நான் எழுந்து வந்திருக்கலாம். வந்தேனா? பெட்டியை எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

"இதை எடுத்துட்டுப் போ. மூக்குல மட்டும் சட்டை இல்லாம ஈயம் தெரியுது பாரு. உள்ள போனதும் காளான் மாதிரி விரியும். மான் நின்ன எடத்துலயே உக்காந்துரும்."

"எனக்கு வேண்டாம். ஈயமூக்கு ஒடைஞ்சு சப்பைக் கறியெல்லாம் கூழாயிரும். நாய்க்குத்தான் போடணும்."

"கூழாக்குறது எடை கொறஞ்ச குண்டு. வெறி புடிச்ச மாதிரிப் போய் மேலயே வெடிக்கும். கடையில ரெண்டும் இருந்துச்சு, நான் கனமானதைத்தான் பாத்து வாங்கினேன். நிதானமாப் போவும், ஆழமாப் போவும்."

"என் குண்டு மூணு லார்ச் மரத்தைத் தொளைச்சுக்கிட்டுப் போவும், தெரியுமில்ல?"

"நாம என்ன மரமாடா வேட்டையாடுறோம்?"

பிபிஷ் தலைத்துணி முனையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"இந்தா பாரு கப்தேஷ். என் துப்பாக்கியோட குறி என் குண்டுக்குப் பழகினது. உன் கனத்த குண்டைப் போட்டா நாலு விரல் கீழ எறங்கி அடிக்கும். காலு ஒடைஞ்சு ஓடும். அப்புறம் அதையும் நீ கல்யாண வீட்டுல சொல்லுவ."

"ரெண்டு குண்டை மரக்கட்டையில சுட்டுப் பாத்துக் குறியைச் சரி பண்ணிக்க வேண்டியதுதானே? அதுக்கு எதுக்குப் படிப்பு?"

"நான் தனியாப் போறேன். என் குண்டோடதான் போறேன். நீ வரவேண்டாம். உன் இருமலுக்கே மலை காலியாயிரும்."

"உன் ஊசியைப் போட்டு மறுபடியும் ஓட விடு. ஓடிச் செத்த மானோட கறி கசக்கும். வயித்துல பட்டுதுன்னா ஈரல்ல பித்தம் கலந்துரும். அதையா அந்தப் பொண்ணுக்குக் கொடுப்ப?"

இதைச் சொல்லியிருக்கக்கூடாதோ. அவன் குதிரையைத் தட்டிக் கொட்டகைக்குள் கொண்டுபோய்விட்டான். பெட்டியை எடுத்துக்கொண்டு நானும் வந்துவிட்டேன். ஊசியை வாங்க மறந்துபோனேன்.

குண்டு வாங்கிய கடையில் விற்கிற பெண் கேட்டது இப்போது ஞாபகம் வருகிறது. "தாத்தா, மானுக்கா, கரடிக்கா?" "என் சகலைக்கு" என்றேன். "அப்படின்னா உப்பை ரொப்பிச் சுடுங்க, போதும்" என்றது. அதன் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

அக்டோபர் 12

குண்டுப் பெட்டியைக் காணவில்லை! நேற்று அலமாரி மேல்தான் வைத்தேன். குலாஷைக் கேட்டால், "எலி தூக்கிட்டுப் போயிருக்கும்" என்கிறாள். எலிக்கு எதற்கடி குண்டு? பூனையைச் சுடவா? வீடு முழுக்கப் புரட்டிப்போட்டேன். போன வருஷம் தொலைந்த மூக்குக்கண்ணாடி கிடைத்தது, பெட்டி கிடைக்கவில்லை. ஒரு மனுஷன் ஒரு பொருளை வைத்தால் வைத்த இடத்தில் இருக்காத வீடு இது. மத்தியானம் மழையும் பனியுமாக ஊற்றியது, அதிலும் இவள் அக்கா வீட்டுக்குப் போய்த் தயிர் கொடுத்துவிட்டு வந்தாளாம். அவர்கள் வீட்டில் மாடு இல்லையா?

அக்டோபர் 13

காலையில் துகெல்பாய் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மேட்டிலிருந்து இரண்டு வெடி. ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. மலைக்குப் போகிறேன் என்று சொன்ன வீரன் வீட்டுக்குப் பின்னால் வால்நீளக் காக்காயைச் சுட்டுக்கொண்டு இருக்கிறான். இங்கே ஒரு பெண் சுருண்டு கிடக்கிறாள். பல்லைக் கடித்துக் கடித்து எனக்கு இருக்கிற நாலு பல்லும் ஆடுகிறது.

அக்டோபர் 14

கருப்பு ஆட்டை அறுத்தேன்.

வேறு வழி தெரியவில்லை. நர்ஸ் வந்து மக்பாலுக்கு ஊசி மருந்து ஏற்றிவிட்டு, "எதையாவது சாப்பிட வைங்க, இல்லேன்னா டவுன் ஆஸ்பத்திரிக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் சாலையில், அந்தக் குலுக்கலில், அவளைக் கொண்டுபோவதா? போன தடவை கொண்டுபோய்த் திரும்பி வந்தபோது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டு வந்தது கண்ணிலேயே நிற்கிறது.

ஆட்டு ஈரலை மெல்லிசாக அறுத்து, நெருப்பில் காட்டி, காட்டுப்பூண்டைத் தேய்த்துக் கொண்டுபோனேன். "துகெல்பாய் கொண்டு வந்தான்மா. மான் ஈரல். சூடா இருக்கு."

மூக்கருகே கொண்டுபோனாள். கண்ணை மூடினாள். "அப்பா, இது நம்ம கருப்பு ஆடு."

"எப்படிம்மா கண்டுபுடிச்ச?"

"காலையில கத்துச்சே." சொல்லிவிட்டுச் சிரித்தாள். உடனே வாசலுக்கு ஓடினாள்.

ஆடும் போயிற்று, என் பொய்யும் போயிற்று. ஆட்டின் தலையைக் கொட்டகைக் கூரையில் போட்டுவைத்திருக்கிறேன். குளிரில் கல்லாக உறைந்துவிட்டது.

அக்டோபர் 15

துகெல்பாய் விடியும் முன்னே மலை மேலே கரடிப் பள்ளத்துக்கு ஏறிவிட்டான் என்று குலாஷ் சொன்னாள். தனியாக. அவனுடைய பாழாய்ப்போன ராணுவக் குண்டோடுதான் போயிருப்பான்.

ஆனால் கிடைத்துவிட்டால்? கிடைத்தால் தருவானா? ரோஷக்காரன். எனக்குப் பாடம் கற்பிக்க நேரே தன் வீட்டுக்குக் கொண்டுபோய் ஊருக்கே பங்கு வைத்தாலும் வைப்பான், என் வீட்டைத் தவிர. அவன் தரட்டும் என்று நான் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதா? எங்களுக்கு ஒரு முறை இருக்கிறது, அதை நான் மறக்கவில்லை. வேட்டையிலிருந்து திரும்புகிறவனை வழியில் மறித்து "சிரல்கி!" என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. சேணத்தில் என்ன கட்டியிருந்தாலும் அவிழ்த்துக் கேட்டவனுக்குக் கட்டியே ஆகவேண்டும். மறுத்தவனுக்கு அப்புறம் வேட்டை வாய்க்காது. துகெல்பாய் எதை வேண்டுமானாலும் செய்வான், முறையை மட்டும் மீற மாட்டான்.

மலைப்பாதை பாலத்துக்கு முன்னால் இரண்டாகப் பிரிகிறது. இடது பக்கம் போனால் அவன் வீடு. பாலத்தைத் தாண்டினால் எங்கள் பக்கம். பிரிகிற இடத்தில் ஒரு பெரிய லார்ச் மரம். அதன் பின்னால் குதிரையோடு நின்றேன்.

பொழுது சாயும்வரை நின்றேன். ஒருத்தரும் வரவில்லை. உடம்பு முழுக்க இருமல்.

அக்டோபர் 16

இன்றும் அதே லார்ச் மரத்தின் பின்னால் நின்றேன். குளிர்தான்.

மத்தியானத்துக்கு மேல் குளம்புச் சத்தம். எட்டிப் பார்த்தேன். துகெல்பாய். சேணத்துக்குப் பின்னால் மான் ஒன்று தலை தொங்கிக் கிடக்கிறது. பிரிகிற இடத்துக்கு வந்தான். அவன் குதிரையின் தலை பாலத்துப் பக்கம் திரும்பியது. அதை நான் பார்த்தேன். பார்த்தும் இந்த மண்டையில் ஏறவில்லை. எங்கே தப்பிவிடுவானோ என்ற அவசரம்தான்.

"சிரல்கி!" என்று கத்திக்கொண்டு பாய்ந்தேன். அவன் குதிரை மிரண்டு ஒரு சுற்றுச் சுற்றியது.

"அறிவிருக்காடா உனக்கு? நேத்துலேருந்து இந்த மரத்துக்குப் பின்னால நிக்கிறது நீதானா? மேலேருந்தே தெரிஞ்சுது. கரடியோன்னு பாத்தேன். கரடி இப்படி இருமாது."

"பேச்சை மாத்தாத. கேட்டுட்டேன். முறைன்னா முறைதான்."

"கேட்டுத்தான் வாங்குவியா நீ?"

"பின்ன, நீயாக் கொடுத்துருவியா?"

அவன் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தான். என்னைப் பார்த்தான். பாலத்தைப் பார்த்தான். அப்புறம் இறங்கினான். வாரை அவிழ்த்து மானைத் தூக்கி என் சேணத்தில் கட்டினான். ஒரு தோல்பையையும் கூடவே மாட்டினான். நான் உதவிக்குப் போனால், "கையை எடு" என்றான்.

"கட்டினேன்" என்றான். முறைப்படி.

வாங்கினவன் ஆசி சொல்லியாக வேண்டும். இரண்டு கையையும் விரித்தேன். "உன் சேணவார்ல கொழுப்புக் காயாம இருக்கட்டும், உன் கண்ணு மங்காம இருக்கட்டும், உன் குண்டு..." அங்கே இருமல் வந்துவிட்டது. அவன் முகத்தைத் தடவி "ஆமீன்" என்றான். "ஈரல் பையில இருக்கு. ஆறவிடாதே, போ." குதிரையை இடது பக்கம் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

பாலத்தில் பாதி தூரம் வந்தபிறகுதான் உறைத்தது. மான் கட்டிய குதிரை பாலத்துப் பக்கம் எதற்குத் திரும்பியது? அவனுக்குப் பாலத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் வீட்டைத் தவிர வேறு என்ன வேலை?

வீட்டுக்கு வந்து பையைத் திறந்தேன். ஈரல் ஒரு வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தது. துவைத்து மடித்து எடுத்துப்போன நல்ல துணி, ஓரத்தில் பிபிஷின் பூத்தையல். மலைக்குக் கிளம்பும் முன்னேயே எடுத்துவைத்தது. ஈரல் ஒரு கீறல் இல்லாமல், பித்தம் படாமல், முழுசாக இருந்தது.

மானைத் தொங்கவிட்டுத் தோலை உரித்தேன். முன்னங்கால் சப்பைக்குப் பின்னால், ஒரு விரல் போகிற துளை. மறுபக்கம் வெளியே வந்த இடம் அதைவிடப் பெரிசு. நடுவில் நுரையீரல் இருந்த இடத்தில் நுரையீரல் இல்லை. சப்பைக் கறி சுத்தமாக இருந்தது. மான் ஒரு மூச்சுக்கூட ஓடியிருக்காது. ஊசிக் குண்டு இப்படிச் செய்யாது.

பையின் அடியில் என் குண்டுப் பெட்டி இருந்தது. மூன்று குறைந்திருந்தது. அன்றைக்குக் காலையில் மேட்டில் கேட்ட இரண்டு வெடி, அப்புறம் இது ஒன்று.

"எலி திருப்பிக் கொண்டாந்துருச்சா?" என்றாள் குலாஷ், அடுப்பைப் பார்த்துக்கொண்டே. தயிர் கொடுக்கப் போன எலி!

மக்பால் முதல் துண்டைக் கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். நாங்கள் இரண்டு பேரும் வாசலுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றோம். அவள் எழுந்து ஓடவில்லை. இரண்டாவதைத் தின்றாள். மூன்றாவதைத் தின்றாள். விரலை நக்கிக்கொண்டு, "இன்னும் இருக்கா அத்தை?" என்றாள். குலாஷ் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"தொப்பி மாமா எங்க, அப்பா? அவர் வரலையா?" என்று கேட்டாள்.

வந்துகொண்டிருந்தவனை வழியில் மறித்துக் கொள்ளையடித்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? "வேலை இருக்காம்" என்றேன்.

அக்டோபர் 17

மக்பால் காலையில் டீயும் ரொட்டியும் சாப்பிட்டாள். தங்கியது.

அக்டோபர் 18

கருப்பு ஆட்டின் தலையைக் கூரையிலிருந்து இறக்கினேன். மயிரைக் கருக்கி, சுரண்டி, கழுவி, குலாஷ் அரைநாள் வேகவைத்தாள். பெரிய தாம்பாளத்தில் வைத்துத் துணி போட்டு மூடிக்கொண்டு பாலத்தைத் தாண்டினேன். மானின் ஒரு சப்பையையும் கூடவே கொண்டுபோனேன்.

அவன் வீட்டில் விரிப்பு போட்டிருந்தது. பிபிஷ் டீ ஊற்றினாள். தாம்பாளத்தை அவன் முன்னால் வைத்துத் துணியை எடுத்தேன். கத்தியைப் பிடி அவன் பக்கம் இருக்கும்படி வைத்தேன். அவன் தலையைப் பார்த்தான்.

"இது அன்னைக்கு வச்ச தலையா?"

"அது ஜெய்னெல் நாய்க்குப் போயாச்சு. இது புதுசு. கருப்பு."

"இதுக்கும் ஊசி போட்டுத்தான் கொன்னியா?"

நான் சிரிக்கவில்லை. சிரிக்கக்கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் போயிருந்தேன். வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டும் போனேன். சொல்ல வந்தது ஒன்று, வாயில் வந்தது வேறு.

"மக்பால் சாப்பிடுறா" என்றேன்.

"கேள்விப்பட்டேன்."

"நாளைக்குத் தொப்பி மாமாவைக் கூட்டிட்டு வரச் சொன்னா."

அவன் கத்தியை எடுத்தான். கன்னத்துக் கறியை அறுத்துப் பிபிஷுக்குக் கொடுத்தான். நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டேன்.

"சகலை, அன்னைக்கு விருந்துல நான் ஒண்ணு சொன்னேன் பாரு, அந்த டாக்டர்னு... அது வந்து, பாலத்துக்கிட்டயும் நீ எங்க வீட்டுக்குத்தான்னு எனக்கு..."

அவன் காதை அறுத்தான். முழுக் காதையும் அப்படியே எடுத்து என் தட்டில் வைத்தான். பெரியவர் பேச்சைக் கேட்டு வளரட்டும் என்று வீட்டிலேயே சின்னப் பிள்ளைக்குக் கொடுக்கிறது அது.

பிபிஷ் உள்ளே ஓடிவிட்டாள். சிரிப்புச் சத்தம் கேட்டது.

"டேய், வயசுல நான்தான்டா பெரியவன். இரு, நான் சொல்ல வந்ததை முழுசாக் கேளு. நான் என்ன சொல்றேன்னா, அந்தக் குண்டு..."

"குதிரைக்குப் புல்லு போடலை" என்று சொல்லிவிட்டு எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போனான். கத்தியைத் தலைக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போனான், திரும்பி வருகிறவன் வைக்கிற மாதிரி.

நான் உட்கார்ந்து காதைத் தின்றேன்.